மேடையில் கிடைக்கும் எட்டு நிமிடம்

அழைப்பிதழில் மாலை 6.30 என்று அச்சாகியிருந்தால், எழுத்தாளர் கைக்கு மைக் வரும்போது மணி ஏழே முக்கால் ஆகியிருக்கும். தருமபுரியானாலும் ஓசூரானாலும் புத்தகத் திருவிழா மேடைகளின் வழக்கம் இதுதான். யார்மீதும் குறைப்பட்டுப் பயனில்லை. நிரலைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். ஐந்தரைக்குப் பள்ளிப் பிள்ளைகளின் கலை நிகழ்ச்சி. நான்கு பள்ளிகள் வந்திருக்கும், பெற்றோர் முன்வரிசையில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து நிற்பார்கள். அதைப் பாதியில் நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வராது. அடுத்து வரவேற்புரை, தலைமையுரை, இரண்டு வாழ்த்துரை. கடைசியில் நட்சத்திரப் பேச்சாளர். நாற்காலிகள் நிறைந்திருப்பதே அவருக்காகத்தான் என்பதால் அவருடைய ஒரு மணி நேரத்தில் யாரும் கைவைக்க மாட்டார்கள். அதற்கு அப்பால் பத்து மணி. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. பந்தோபஸ்துக்கு வந்த காவலர் ஒன்பதரைக்கே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். முன்னால் இருப்பதும் நகராது, பின்னால் இருப்பதும் நகராது. நடுவில் மாட்டிய எழுத்தாளரின் இருபது நிமிடம்தான் குறையும். தொகுப்பாளர் காதோரம் குனிந்து, "சார், கொஞ்சம் சுருக்கமா முடிச்சிட்டீங்கன்னா நல்லாருக்கும்" என்பார்.

ஆகவே இருபது நிமிடம் என்று சொல்லி அழைத்தாலும் எட்டு நிமிடத்துக்குத் தயாராகிப் போக வேண்டும். நீளமான உரையை எழுதி வைத்துக்கொண்டு மேடையிலேயே சுருக்கப் பார்ப்பவர்களுக்கு ஒன்று தவறாமல் நடக்கும்: முன்னுரையை முழுதாகச் சொல்லிவிட்டு, சொல்ல வந்த விஷயம் வரும்போது துண்டுச்சீட்டு வந்துவிடும். பதினைந்து, எட்டு, நான்கு என மூன்று அளவுகளில் ஒரே விஷயத்தை வைத்துக்கொள்வது நல்லது. நான்கு நிமிடம் என்றால் ஒரு வாக்கிய அறிமுகம், ஒன்றரைப் பக்க வாசிப்பு, வணக்கம். எட்டு நிமிடம் என்றால் ஒரு நிமிடம் அறிமுகம், நான்கு நிமிடம் வாசிப்பு, அந்தப் பக்கம் எங்கிருந்து வந்தது என்று இரண்டு நிமிடம், நூலும் கடை எண்ணும் ஒரு நிமிடம். பதினைந்து கிடைத்தால் இரண்டாவது வாசிப்பு ஒன்று. மூன்றிலும் நடுவில் நிற்பது வாசிப்புதான், அதைக் குறைக்கக் கூடாது.

ஏன் வாசிப்பு? நம் மேடை பேச்சு மேடை. பட்டிமன்றத்திலும் கட்சி மேடையிலும் பழகிய குரல்கள் இங்கே மணிக்கணக்கில் ஏறி இறங்கும். பேச்சில் அவர்களோடு போட்டி போட்டால் எழுத்தாளர் தோற்பார், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவர் எழுதிய பக்கத்தை அவர் குரலில் படிக்க அந்தப் பந்தலில் வேறு ஆள் கிடையாது. தமிழ்நாட்டு விழாக்களில் படைப்பாளிகள் தங்கள் படைப்பை வாசிப்பது அரிதாகவே நடக்கிறது. கவிஞர்கள்கூட கவிதையைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். விழா முடிந்து கடைக்கு வரும் வாசகர் உரையின் கருத்தைக் கேட்பதில்லை, "அந்தக் கிணத்துல எறங்குன ஆள் கதை எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்றுதான் கேட்கிறார்.

வாசிக்கும் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது தனி வேலை. எழுதியதில் சிறந்த பக்கம் காதுக்குச் சிறந்த பக்கமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. முன்கதையை மூன்று வாக்கியத்துக்குள் சொல்லி முடிக்க முடியாத பக்கத்தைத் தள்ளிவிடலாம். இரண்டு பாத்திரங்களுக்கு மேல் பேசினால் யார் பேசுகிறார்கள் என்று கேட்பவருக்குக் குழம்பும். உரையாடல் உள்ள பக்கம், ஊர்ப்பேச்சு உள்ள பக்கம், ஒரு இடத்திலாவது சிரிப்பு வரும் பக்கம் எடுபடும். வர்ணனையாகவே போகும் பக்கம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் பந்தலில் கரைந்துபோகும். மேடைக்காகப் பக்கத்தைத் திருத்திக்கொள்ளலாம். அது துரோகம் கிடையாது. குரலிலேயே ஆள் தெரிகிற இடங்களில் "என்றான் அவன்" போன்றவற்றை அடித்துவிடலாம். கண்ணுக்கு ஏற்ற நீண்ட வாக்கியத்தை இரண்டாக உடைக்கலாம்.

நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொற்கள் போகும். டெம்மி அளவு நூலில் ஒரு பக்கம் ஏறத்தாழ 200 முதல் 220 சொல், அதாவது இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். நான்கு நிமிடம் என்றால் இரண்டு பக்கம்கூட முழுதாக வராது. வீட்டில் கைப்பேசியில் நேரம் வைத்து, நின்றுகொண்டு, சத்தமாகப் படித்துப் பார்க்க வேண்டும். உட்கார்ந்து மனதுக்குள் படித்தால் பாதி நேரத்தில் முடிந்துவிடும், அந்தக் கணக்கு மேடைக்கு உதவாது.

புத்தகத்தைக் கையில் விரித்து வாசிப்பது புகைப்படத்துக்கு அழகு, வாசிப்புக்குத் தொல்லை. பசை போட்டு ஒட்டிய முதுகு மூடிக்கொண்டே வரும், ஒரு கையில் மைக் இருந்தால் மறு கைக்கு விரித்துப் பிடிக்க வலு போதாது. எழுத்தும் சிறிது. எதிரே ஒளிரும் விளக்கு கண்ணைக் கூசவைக்கும்போது தாளில் நிழல்தான் தெரியும். ஏ4 தாளில், 16 புள்ளி எழுத்தில், வரிகளுக்கு இடையே ஒன்றரை இடைவெளி விட்டு, ஒரு பக்கம் மட்டும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். பக்க எண் பெரிதாக இருக்கட்டும். ஸ்டேப்ளர் வேண்டாம். படித்த தாளை அடியில் நகர்த்திவிடுவதுதான் சத்தமில்லாத வழி. ஆடிக் காற்று அடிக்கும் மாதத்தில் திறந்தவெளி மேடை என்றால் ஒரு பரீட்சை அட்டையும் கிளிப்பும் எடுத்துச் செல்ல வேண்டும். கைப்பேசியில் வாசிப்பவர்கள் விமானப் பயன்முறையில் போட்டு, திரை தானாக அணைவதை நிறுத்திவிட்டு ஏறவும். இல்லையென்றால் உச்சக் காட்சியில் கேஸ் சிலிண்டர்க்காரர் அழைப்பார்.

மைக் விஷயத்தில் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு தள்ளிப் பிடிப்பது. வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடைவெளி போதும். தள்ளிப் போனால் ஒலி அமைப்பாளர் ஒலியைக் கூட்டுவார்; கூட்டினால் பெட்டியிலிருந்து வரும் சத்தத்தையே மைக் மறுபடி பிடித்து ஊளையிடும். ஒட்டிப் பிடித்தால் அடிக்குரல் கனத்து, பகரம் வரும் இடமெல்லாம் 'புஸ்' என்று வெடிக்கும். வலைத்தலையை விரல்களால் மூடிப் பிடிப்பது பாட்டுக்காரர்களைப் பார்த்து வந்த பழக்கம். மூடினால் மைக் எல்லாப் பக்கச் சத்தத்தையும் வாங்கத் தொடங்கி ஊளை இன்னும் சுலபமாக வரும். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் வந்து நிற்கக் கூடாது. பெரிய பந்தலில் நம் குரலே சற்றுத் தாமதித்துத் திரும்பிக் கேட்கும். அதைக் கேட்டுப் பதறி வேகமாகப் படித்தால் இரண்டும் கலந்து யாருக்கும் விளங்காது. வாக்கிய முடிவில் ஒரு மூச்சு நின்று போக வேண்டும். நிகழ்ச்சிக்கு அரைமணி முன்னால் போய் ஒலி அமைப்புத் தம்பியிடம் இரண்டு வார்த்தை பேசி வைப்பது எல்லாவற்றையும் விடப் பயன் தரும். மேடையில் இருக்கும் எவரையும்விட அன்றைக்கு அவர்தான் முக்கியமானவர்.

அடுத்தது விளிப்பு. மேடையில் பன்னிரண்டு பேர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் பதவி, பெயர், 'அவர்களே' என்று பத்து வினாடி வைத்தாலும் இரண்டு நிமிடம் போய்விடும். எட்டில் இரண்டு. தலைமை வகிப்பவர், அழைத்த அமைப்பு, அவையோர் என்று மூன்றாகச் சுருக்கி ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பாதிப் பெயரைச் சொல்லி மீதியை விட்டால்தான் கோபம் வரும்.

வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நெல்லிக்கனியை விட்டுவிடுங்கள். தருமபுரி என்றாலே தகடூர், தகடூர் என்றாலே அதியமான், அதியமான் என்றாலே ஔவைக்குக் கொடுத்த நெல்லி. இந்த ஊர் மேடையில் அந்தக் கனி ஒவ்வொரு விழாவிலும் நாலைந்து முறை கை மாறுகிறது. புறநானூற்று 91-ஆம் பாடலை எட்டாம் வகுப்புப் பிள்ளையே சொல்லும். ஔவையைத்தான் தொட வேண்டும் என்றால் 95-ஆம் பாடல் இருக்கிறது. அதியமானோடு பகைகொண்ட தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நின்றுகொண்டு, பீலி சூட்டி நெய் பூசிய அவனுடைய வேல்களைப் புகழ்வதுபோல் இடித்துரைக்கும் பாட்டு. அதியமான் இறந்தபின் பாடிய 235 இருக்கிறது. தருமபுரி அகழ்வைப்பகத்தின் நடுகற்களைக் காலையில் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வந்தால் மாலைப் பேச்சுக்குப் புதிதாக ஒரு வாக்கியமாவது கிடைக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23-இல் மறைந்தார். ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1958-இல் தமிழுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்றவர். அவரை அரசியலில் மட்டுமே தேடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இப்படி ஒன்றைத் தொட்டுவிட்டு நேராக உங்கள் பக்கத்துக்குப் போய்விடுங்கள்.

மேடையில் நடப்பதில் பெரும்பகுதி முதல் தொலைபேசி அழைப்பிலேயே முடிவாகிவிடுகிறது. "தோழர், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு அமர்வு, நீங்க அவசியம் வரணும்" என்று கூப்பிட்டதும் சரி என்று சொல்லி வைத்துவிடாமல் சிலவற்றைக் கேட்க வேண்டும். எனக்கு முன்னால் யார், பின்னால் யார்? நட்சத்திரம் வரும் ஞாயிறா, வேறு நாளா? இருவருக்கும் வசதிப்படும் என்றால் செவ்வாய் அல்லது புதன் கேட்டு வாங்கலாம். எண்பது பேர்தான் இருப்பார்கள், ஆனால் இருபது நிமிடமும் முழுதாகக் கிடைக்கும், கேள்விகளும் வரும். ஓசூரில் மட்டும் கணக்கு வேறு. சிப்காட் ஷிப்டு முடிந்து ஆட்கள் வந்துசேர ஏழாகிவிடும், அங்கே ஞாயிறுதான் சரி.

தலைப்பையும் அப்போதே பேசிவிட வேண்டும். 'இலக்கியமும் வாழ்வும்' என்று கொடுத்தால் எதைப் பேசினாலும் அடங்கும், அதனால் எதுவும் நிற்காது. "நம்ம பக்கத்துக் கிணறு வெட்டுக்காரங்களைப் பத்திப் பேசறேன்" என்று நாமே சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். தலைப்பு யோசிக்கிற வேலை அவர்களுக்கு மிச்சம். பெண் எழுத்தாளர்களை அழைக்கும்போது வேலைநாள் காலை பதினொரு மணிக்கு 'பெண் எழுத்து' என்று ஒரு அமர்வில் நான்கு பேரைச் சேர்த்து வைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. மாலை நேரத்தையும் தங்கள் நூலின் தலைப்பையும் கேட்டுப் பெற அவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. மைதானத்தில் கழிப்பறை எங்கே, இரவு திரும்ப வண்டி யார் ஏற்பாடு என்பதையும் கூச்சப்படாமல் கேட்கலாம். கேட்டால்தான் அமைப்பாளர்களுக்கே அது நினைவுக்கு வருகிறது.

பயணப்படி, தங்குமிடம், மதிப்பூதியம் மூன்றையும் அந்த முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுவது இருவருக்கும் நிம்மதி. சிறிய இலக்கிய அமைப்புகள் கையிலிருந்து போட்டு நடத்துகின்றன. அவர்கள் சால்வை மட்டும்தான் தர முடியும் என்றால் தெரிந்தே போகலாம். அரசு சார்ந்த விழா என்றால் தொகை வங்கிக் கணக்குக்குத்தான் வரும், தாமதமாகவும் வரும். வங்கிப் புத்தக முதல் பக்கத்தின் நகலும் பான் அட்டை நகலும் இரண்டிரண்டு பையில் இருக்கட்டும். கையில் 5,000 ரூபாய்க்கு மேல் பணமாக வாங்கினால் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்திட வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு மைதானத்தில் ஸ்டாம்ப் தேடி அலைவதைவிட நான்கு வாங்கி வைத்துக்கொள்ளலாம். பேசி முடிவானதை அன்றைக்கே நாலு வரியில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கூடவே அறுபது சொல்லில் தன்குறிப்பு. முன்னெழுத்து, பெயரின் எழுத்து எல்லாம் அதில் உள்ளபடியே அழைப்பிதழில் ஏறும். புகைப்படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், அதைப் பத்தடி ஃபிளெக்ஸில் பெரிதாக்கும்போது முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்ப வேண்டும்.

காணொளி எடுப்பார்களா என்பதும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. இன்னும் அச்சில் வராத கதையை வாசிக்கப் போகிறீர்கள் என்றால் அந்தப் பகுதியை இணையத்தில் ஏற்ற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லலாம்; பத்திரிகைகள் 'வேறெங்கும் வெளிவராதது' என்று உறுதி கேட்கும்.

வழியைப் பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டத்துக்கும் பொதுவாக ஒன்று சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் கிடையாது. தருமபுரி, ஓசூர் இரண்டும் சேலம்–பெங்களூர் ரயில் பாதையில் இருக்கின்றன. சென்னையிலிருந்து தருமபுரிக்கு வருபவர்களுக்கு ஜோலார்பேட்டை–சேலம் பாதையில் உள்ள மொரப்பூர் நிலையம் வசதி; எல்லா ரயிலும் நிற்காது, பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். அங்கிருந்து நகரத்துக்குப் பேருந்தில் வர ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சேலம் பக்கமிருந்து சாலையில் வருபவர்கள் தொப்பூர் கணவாய்க்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு லாரி கவிழ்ந்தாலும் வண்டிகள் கிலோமீட்டர் கணக்கில் நின்றுவிடும். இரவு நிகழ்ச்சி முடிந்து கிளம்புபவர்கள், நெடுந்தூரப் பேருந்துகள் பல ஊருக்குள் வராமல் புறவழிச்சாலையோடு போய்விடும் என்பதை அமைப்பாளரிடம் நினைவூட்டினால் யாராவது ஒரு தம்பி வண்டியில் கொண்டுபோய் விடுவார்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான பகல் அமர்வுக்கு ஒப்புக்கொண்டால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. காலை பத்து மணிக்குப் பேருந்தில் ஏற்றப்பட்டு, வெயிலில் வரிசையில் நின்று, முந்நூறு பேர் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். மதியச் சாப்பாடு எப்போது என்பதுதான் அவர்கள் மனதில் ஓடும். இரண்டு நிமிடத்துக்கு மேல் வாசித்தால் பின்வரிசை கலைந்துவிடும். கதையைச் சொல்ல வேண்டும், நடுவில் நிறுத்தி "அப்புறம் என்ன ஆயிருக்கும்?" என்று கேட்க வேண்டும், பதில் சொன்ன பிள்ளையை மேடைக்கு அழைத்து அடுத்த பத்தியை வாசிக்கச் சொல்ல வேண்டும். தோழி வாசிக்கிறாள் என்றால் மற்றவர்கள் கேட்பார்கள். புத்தகம் படியுங்கள் என்ற அறிவுரையை ஆசிரியர்களே தினமும் சொல்கிறார்கள், நாமும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. பல ஊர்களில் பிள்ளைகள் உண்டியலில் சேர்த்த காசோடு வருகிறார்கள். கையில் ஐம்பதோ நூறோதான் இருக்கும். முந்நூறு ரூபாய் நாவலைப் பற்றிப் பேசி ஏங்க வைக்காமல், ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும் நான்கு சிறுவர் நூல்களின் பெயரையும் கடை எண்ணையும் சொல்லுங்கள். அதற்கு முன்பே கடைகளை ஒரு சுற்றுச் சுற்றி அந்த நூல்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.

குழு அமர்வுகளுக்கு வேறு கணக்கு. நாற்பத்தைந்து நிமிட அமர்வில் நான்கு பேர் என்றால், நெறியாளருக்கு ஐந்து, கேள்விகளுக்குப் பத்து போக முப்பது நிமிடம், ஆளுக்கு ஏழரை. அதுவும் ஒரே மூச்சில் கிடைக்காது, இரண்டு தவணையாக வரும். இரண்டே விஷயம் வைத்திருந்தால் போதும். நெறியாளரிடம் ஒரு வாரம் முன்பு மூன்று கேள்விகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அவர் உங்கள் நூலைப் படித்திருக்கிறாரா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். படிக்கவில்லை என்றால் நீங்களே இரண்டு கேள்வி எழுதி அனுப்பிவிடுங்கள். பலரும் நன்றியோடு ஏற்றுக்கொள்கிறார்கள்.

வெளியே போய்ப் பார்க்க நம் பக்கத்துக்காரர்களுக்கு வாய்ப்பு அதிகம். டிசம்பரில் நடக்கும் பெங்களூர் இலக்கிய விழா 2012-இல் தொடங்கியது. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர். அதே டிசம்பரில் கோவையில் விஷ்ணுபுரம் விருது விழா; அங்கே எழுத்தாளருக்கு எதிரே அவரைப் படித்துவிட்டு வந்த வாசகர்கள் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார்கள். கேள்வி-பதில் அமர்வை எப்படி நடத்துவது என்று கற்றுக்கொள்ள அது நல்ல இடம். கோழிக்கோட்டுக் கடற்கரையில் 2016 முதல் கேரள இலக்கிய விழா நடக்கிறது. தமிழ்நாடு அரசும் பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி என்று ஆறுகளின் பெயரிலும் சென்னையிலுமாக இலக்கியத் திருவிழாக்கள் நடத்தியிருக்கிறது. பல அரங்குகள் ஒரே நேரத்தில் ஓடும் இடங்களில் அரங்கு விட்டு அரங்கு ஓடினால் எதுவும் முழுதாகக் கிடைக்காது. முந்தின இரவே நிரலைப் பார்த்து ஒரு நாளைக்கு மூன்று அமர்வு குறித்துக்கொண்டு, மீதி நேரத்தைத் தேநீர்க் கடைக்கும் புத்தகக் கடைக்கும் விடுங்கள்.

பிறமொழி மேடைக்கு அழைப்பு வந்தால் தமிழிலேயே பேசலாம். ஆனால் வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்ப்பு என்றால் நேரம் பாதியாகிவிடும். எட்டு நிமிடம் நான்காகும். வாசிக்கப் போகும் பக்கத்தின் ஆங்கில வடிவத்தை முன்பே ஒரு பக்கத்தில் தயார் செய்து நெறியாளரிடம் கொடுத்துவிட்டால், நீங்கள் தமிழில் ஒரு நிமிடம் படிக்க அவர் ஆங்கிலத்தில் முழுதாகப் படிப்பார். தமிழ் தெரியாதவர்களும் அந்த ஒரு நிமிடத்தை உன்னிப்பாகக் கேட்பார்கள்.

கேள்வி நேரத்தில் நம் ஊரில் தவறாமல் வருவது, "அந்தக் கதையில வர்ற பெரியவர் நம்ம ஊர் இன்னார்தானே?" என்பது. ஆம் என்றாலும் இல்லை என்றாலும் வம்பு. அந்த இன்னாரின் மகன் மூன்றாவது வரிசையில் இருப்பார். "அவர்கிட்டேயிருந்து ஒரு வார்த்தையை எடுத்தேன், ஆளை எடுக்கல" என்பதுபோல் ஒரு பதிலைக் கையோடு வைத்திருக்க வேண்டும். சாதியையோ கட்சியையோ தொட்டு வரும் கேள்விக்கு ஒளியாமல், ஆனால் கதையில் நடப்பதைக் கொண்டே பதில் சொல்வது பாதுகாப்பு. மேடைக்கு வெளியே அந்தப் பதில் முப்பது வினாடித் துண்டாகத்தான் சுற்றும். கேள்வி கேட்கிறேன் என்று எழுந்து ஐந்து நிமிடம் பேசுபவரைத் தடுப்பது தொகுப்பாளரின் வேலை. "ஐயா, கேள்வியை மட்டும் சொல்லுங்க" என்று நாம் சொன்னால் அவை அவர் பக்கம் போய்விடும்.

கதை முகாம்கள் இதிலிருந்து விலகிய உலகம். ஒகேனக்கல்லிலோ ஏலகிரியிலோ இரண்டு நாள் கூடுவது என்றால் இருபது பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது. கதைக்கு அரைமணி வைத்தால் இருபது கதைக்குப் பத்து மணி நேரம். இரண்டு நாளில் அதுதான் அடங்கும். கதைகள் இரண்டு வாரம் முன்பே எல்லோர் கைக்கும் போக வேண்டும், அங்கே வந்து வாசித்துக் காட்டினால் பாதி நேரம் அதிலேயே தீர்ந்துவிடும். தன் கதை பேசப்படும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்ற விதியைக் கண்டிப்பாகப் பிடிக்க வேண்டும். அவர் விளக்கத் தொடங்கினால் எல்லோரும் விளக்கத்தைப் பற்றிப் பேசுவார்கள், கதை அனாதையாகிவிடும். கடைசி ஐந்து நிமிடம் அவருக்கு.

பதிப்பாளரையோ இதழாசிரியரையோ சந்திக்க விழாவுக்குப் போகிறவர்கள், சனி, ஞாயிறு மாலையில் கடை முன் நின்று கையெழுத்துப் படியை நீட்டுவதைத் தவிர்க்கலாம். வாங்கிக்கொள்வார்கள், ஆனால் அது சாக்கு மூட்டைகளுக்கு நடுவே போய்விடும். வேலைநாளில் கடை திறந்த முதல் ஒரு மணி நேரம்தான் அவர்கள் ஓய்வாக இருக்கும் வேளை. நூல் எதைப் பற்றியது என்று இரண்டு வாக்கியம், எங்கே அனுப்பலாம் என்று ஒரு கேள்வி, அவ்வளவு போதும். பத்து நாளுக்குள் அனுப்பிவிட்டால் முகம் நினைவிருக்கும்.

இனி புத்தகக் கணக்கு. அதிகம் பேர் கோட்டை விடுவது இங்கேதான். பேசி முடித்ததும் நூல் வாங்கக் கிளம்பும் வாசகர் இரண்டு கடையில் கேட்டு இல்லையென்றால் மூன்றாவது கடைக்குப் போக மாட்டார். பத்து நாள் முன்பே பதிப்பாளரிடம், இந்தத் தேதியில் பேசுகிறேன், எந்தக் கடையில் என் நூல் இருக்கும் என்று கேட்டு, கடை எண்ணைத் தாளின் தலையில் பெரிதாக எழுதிக்கொள்ள வேண்டும். பதிப்பாளர் வரவில்லை என்றால் ஏதாவது ஒரு கடையில் நாமே வைக்கலாம். 160 பக்க டெம்மி நூல் கிட்டத்தட்ட 200 கிராம். ஐம்பது பிரதி பத்துக் கிலோ, ஒரு ஆள் பேருந்தில் தூக்கி வரலாம். அதற்கு மேல் என்றால் லாரி பார்சல். முதல் முறை இருபது பிரதிக்கு மேல் வேண்டாம்.

கடைக்காரருக்கு 35 சதவீதம் கழிவு என்று பேசினால், 200 ரூபாய் நூலுக்கு உங்களுக்கு 130. வாசகருக்குக் கொடுக்கும் 10 சதவீதத் தள்ளுபடி இருபது ரூபாய் அவருடைய எழுபதிலிருந்து போகும், அவருக்கு ஐம்பது மிஞ்சும். இதை வாய்ப்பேச்சில் விடக் கூடாது. நூலின் பெயர், பிரதி எண்ணிக்கை, விலை, கழிவு, தேதி, இருவர் கையெழுத்து என்று ஒரு துண்டுச்சீட்டை இரண்டு படி எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம். நீங்களே விற்கிறீர்கள் என்றால் 180 ரூபாய் நூலுக்குத் தள்ளுபடி போக 162 என்று சொல்லிச் சில்லறைக்கு அலையாமல் 160 என்று முடித்துவிடுங்கள். யு.பி.ஐ. அட்டை இருந்தாலும் பத்து, இருபது நோட்டுகள் கொஞ்சம் இருக்கட்டும். மைதானத்தில் கூட்டம் கூடிய பிறகு சிக்னல் படுத்துவிடும். கையெழுத்துப் போடும்போது பெயரைக் கேட்டு, எந்த 'ல', எந்த 'ன' என்று கேட்டு எழுதவும். தப்பாக எழுதிய பிரதியை வாசகர் கேட்டால் மாற்றித்தான் தர வேண்டும்.

விற்காத பிரதிகளை வாங்கக் கடைசி நாள் இரவுவரை காத்திருக்கக் கூடாது. அன்று எட்டு மணிக்கே கடைகள் பெட்டி கட்டத் தொடங்கிவிடும். உங்கள் பன்னிரண்டு பிரதி ஏதோ ஒரு பெட்டியின் அடியில் சேர்ந்து, அடுத்த மாவட்டத்துத் திருவிழாவுக்கு லாரி ஏறிவிடும். அதற்கு முந்தின நாள் பகலில் துண்டுச்சீட்டோடு போய், இருப்பை எண்ணி, ஐந்து பிரதியை மட்டும் கடைசி நாள் விற்பனைக்கு விட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொண்டு, அதுவரை விற்றதற்குப் பணத்தையும் அப்போதே வாங்கிவிட வேண்டும்.